வர்றது எது, போறது எது

பட்டறைத் தெருவில் என் வீட்டுக்காரருக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே டேங்க்காரரே என்பார்கள். முதுகு திரும்பியதும் சல்லடை. லாரி டேங்கின் வாயில் டீசல் திருடாமலிருக்க ஒரு கம்பி வலைக் கிண்ணத்தைப் பொருத்துவது அவருடைய தனி வேலை. அதைப் பொருத்திவிட்டால் ரப்பர் குழாய் விட்டு உறிஞ்ச முடியாது, குச்சி விட்டு அளக்கவும் முடியாது. ஆனால் பெயர் அதனால் மட்டும் வந்ததில்லை. மனுஷர்களையும் அவர் அப்படித்தான் சலிப்பார்.

பட்டறைக்கு வந்தவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்பார். சிரிக்காவிட்டால் எதையோ மறைக்கிறான் என்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது என்று நான் சொன்னேன். மனிதர் ஸ்டூல் போட்டு ஏறி, அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேட்டரி வாங்கக் கிளம்பினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான்தான் கெட்டவள் ஆவேன். ஓட்டை விழுந்த டீசல் டேங்கைப் பற்றவைத்து அடைக்கிற தொழிலுக்குச் சந்தேகம் வேண்டும். டீசல் நிறைந்த டேங்கைவிட ஒன்றுமில்லாத டேங்க்தான் ஆளைக் கொல்லும். உள்ளே தங்கியிருக்கிற ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும், கூரை பறந்துவிடும். காலிதான், கழுவியாச்சு, பற்றவைக்கலாம் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். இவர் காதிலேயே வாங்கமாட்டார். சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவி, டேங்கின் வாய்க்குள் மூக்கை விட்டு மோந்து, அப்புறமும் பற்றவைக்கும் இடம்வரை தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் கம்பியைக் கையில் எடுப்பார். முப்பது வருஷத்தில் அவர் கையில் ஒரு தீப்புண் கிடையாது. யாரையும் நம்பாததால்தான் முழுசாக வீடு வந்து சேர்கிறார் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டறையின் முன்பக்கம் சின்னதாக ஒரு கடை. வாஷர், கிளிப்பு, குழாய் என்று அதைப் பார்த்துக்கொள்வது நான். கல்லாவும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் என்னைச் சந்தேகப்பட்டதில்லையா என்று கேட்டால், பட்டார். பழகிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் அவர் ஒரு பழைய லாரி வாங்கினார். இவர் பழுது பார்ப்பது, என் தம்பி ஓட்டுவது என்று ஏற்பாடு. தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் அவனுக்குத் தலை சீவி, பொத்தான் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். அவன் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு பயணப் பையும் நாலு சட்டையுமாக எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். பேச்சு குறைவு, வண்டியில் கை சுத்தம். அவனை நம்பித்தான் லாரி வாங்குகிறேன் என்று இவர் வாயாலேயே சொன்னார். இவர் வாயில் நம்பி என்கிற சொல் வந்தது எனக்கு அதிசயமாக இருந்தது.

லாரியோடு வந்த டேங்க் உள்ளே துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. வாரத்துக்கு ஒரு ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அந்த மாடல் நின்றுபோய் எத்தனையோ வருஷம். அதே டேங்க் எங்கும் கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் தேடி, நசுங்கிப்போன ஒரு புது மாடல் லாரியிலிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றைப் பிடித்து வந்தார். இருநூறு லிட்டர் கொள்ளும். லாரியே அப்பளமாகியிருக்க இது மட்டும் எப்படித் தப்பியது என்று அதன்மேலும் அவருக்குச் சந்தேகம். இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். தகர டேங்க் என்றால் விரலால் தட்டியே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதைத் தட்டினால் தலையணையைத் தட்டியது மாதிரி இருந்தது.

"இது வாய் திறக்காத ஜாதி. இதுகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

புது வண்டியின் டேங்கைப் பழைய வண்டிக்குப் பொருத்துவது லேசுப்பட்ட வேலையில்லை. உட்காரும் தாங்கி ஒரு அளவு, டேங்கின் வயிறு இன்னொரு அளவு. பழைய இரும்புப் பட்டையை வெட்டி, நீட்டி, ரப்பர் கொடுத்துக் கட்டினார். குழாய்களின் திருகு மரையும் சேரவில்லை. லேத் வைத்திருக்கிற கடைசல்காரரிடம் பித்தளையில் இரண்டு இணைப்புகளைக் கடைந்து வாங்கினார். டேங்குக்குள் இருக்கிற மிதவையின் பாஷை டிரைவருக்கு முன்னால் இருக்கும் பழைய மீட்டருக்குப் புரியவில்லை. நிறைத்தாலும் காலி செய்தாலும் முள் நடுவிலேயே நின்றது. முள்ளை நம்பி எவன் வண்டி ஓட்டுகிறான், நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டார்.

டேங்கின் தலையில் ஒரு வட்டத் தட்டு, அதில் இரண்டு குழாய். ஒன்று அடிவரை இறங்கும். அது வழியாகத்தான் இஞ்சின் டீசலை இழுக்கும். இஞ்சின் குடித்தது போக மிஞ்சியது இன்னொன்று வழியாக டேங்குக்கே திரும்பும். திரும்புகிற குழாய் வழக்கமாக மேலேயே நின்றுவிடும். உயரத்திலிருந்து விழுந்தால் டீசல் நுரைக்கும், நுரைத்தால் காற்று கலக்கும் என்று இவர் அதைப் பாதி ஆழம்வரை நீட்டிவிட்டார். அப்படி நீட்டியதில் அவருக்கு ரொம்பப் பெருமை. இஞ்சினிலிருந்து டேங்க்வரைக்கும் ஒரே சுருளிலிருந்து இரண்டு செம்புக் குழாய்களை வெட்டி, சேஸிஸின் உள்பக்கமாக ஜோடியாக இழுத்தார்.

இரண்டும் ஒரே மாதிரி. அங்கே நுழைவது இங்கே எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கையில் வெள்ளை டேப்பும் பேனாவுமாக டேங்க் பக்கத்துக் குழாய் முனைகளிடம் நின்றேன். தம்பி முன்னால் இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான்.

"அக்கா, ஊதறேன். எதுல காத்து வருதுன்னு விரல் வெச்சுப் பாரு. இதுதான் வர்றது" என்று குரல் கொடுத்தான்.

விரலில் காற்று பட்டது. அந்த முனையில் வ என்று எழுதி ஒட்டினேன். மற்றதை ஊதி, "இது போறது" என்றான். போ என்று ஒட்டினேன். பின்னால் என் வீட்டுக்காரர் டேங்கின் தட்டைத் திருகி முடித்துவிட்டு, ஒரு குழாயைத் தொட்டு வர்றது என்றார், இன்னொன்றைத் தொட்டுப் போறது என்றார். அதிலும் அப்படியே எழுதி ஒட்டினேன். அவர் படுத்தபடியே வ-வுக்கு வ, போ-வுக்குப் போ என்று சேர்த்து, கிளிப்பை இறுக்கினார். தன் வழக்கப்படி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் டீ போடப் போய்விட்டேன்.

மறுநாள் பம்ப்பில் இவர் முன்னால் நின்று, மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நூற்றைம்பது லிட்டர் போட்டார்கள். நாலு நாள் ஓட்டத்துக்குத் தாங்கும் என்பது இவர் கணக்கு. டேங்கின் வாயில் வலைக் கிண்ணம் ஏற்கெனவே ஏறிவிட்டது. டீசலை வடிக்கிற அடித் திருகில், யாராவது திறந்தால் தெரியும்படி சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் இழுத்து வைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் தம்பியிடமிருந்து போன்.

"மாமா, டீசல் தீர்ந்துபோச்சு. வண்டி ரோட்டோரமா நிக்குது."

"என்ன தீர்ந்துபோச்சு?"

"டீசல் மாமா."

இவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். கேனில் இருபது லிட்டர் பிடித்துக்கொண்டு போய் ஊற்றி, குழாயில் ஏறிய காற்றை வெளியேற்றினார்கள். வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தார். ஒழுக்கு இல்லை, ஈரம் இல்லை. சிவப்புக் கோடும் கலையாமல் இருந்தது.

"கோடு அப்படியே இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

"அப்போ யாரும் திறக்கலன்னு அர்த்தம்."

"அழிச்சுட்டுப் புதுசா போட்டிருந்தாலும் அப்படியேதான் இருக்கும்."

ஓடியது ஐம்பது லிட்டருக்கு. மீதி நூறு எங்கே என்பதுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் யாரையும் திருடன் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். கேள்விதான் கேட்பார். சாப்பிட உட்கார்ந்த தம்பியிடம், வழியில் எங்கே நிறுத்தினாய் என்றார். டீ குடிக்க என்றான். எத்தனை நிமிஷம்? பத்து நிமிஷம். டீக்குப் பத்து நிமிஷமா? சூடாக இருந்தது மாமா. எந்தக் கடை, பக்கத்தில் வேறு லாரி நின்றதா, தெரிந்த முகம் யாராவது இருந்தார்களா? தம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு இவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"என் தம்பியை நிக்கவெச்சு விசாரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றேன்.

"கேக்கத்தான் செஞ்சேன். பதில் சரியா இருந்தா அவனுக்கு என்ன நஷ்டம்?"

அடுத்த நாளே டேங்கின் மூடிக்குப் பூட்டு வந்தது. அடித் திருகுக்கு ஒரு இரும்புக் கூண்டு, அதற்கும் பூட்டு. இரண்டு சாவியும் இவர் இடுப்பில் ஏறின. அன்றிலிருந்து காலையில் இவரே பம்ப்புக்கு வண்டியோடு போய், அன்றைய ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் அளந்து ஊற்றி அனுப்புவார். அப்புறம் ஒரு சொட்டுக் குறையவில்லை. நாற்பது ஊற்றினால் நாற்பதுக்கு ஓடியது, ஐம்பதுக்கு ஐம்பது.

நான் இதோடு பேச்சு ஓய்ந்தது என்று நினைத்தேன். இவருக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"பாத்தியா, பூட்டு விழுந்ததும் கணக்கு நேராயிடுச்சு" என்றார்.

"அதுக்கு முன்னாடியும் ஒரு தடவைதானே குறைஞ்சுது?"

"ஒரு தடவை செஞ்சு பாத்தான். மாட்டிக்குவோம்னு தெரிஞ்சுபோச்சு. விட்டுட்டான்."

இந்த மாதிரி மனிதரிடம் எப்படிப் பேசுவது? குறைந்தால் எடுத்தான், குறையாவிட்டால் பயந்துவிட்டான். தம்பி ஒழுங்காக இருக்க இருக்க அவன்மேல் குற்றம் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது. நாலு மாதம் இப்படிப் போயிற்று. தம்பி காலையில் சாவிக்காரரோடு பம்ப்புக்குப் போவான், சாயந்திரம் வருவான், முன்னைவிடக் குறைவாகப் பேசுவான்.

இனிமேல் சொல்லப்போவது என்னைப் பற்றி. ஜலதோஷக்காரரோடு ஒரே வீட்டில் இருந்தால் நமக்கும் தும்மல் வரத்தானே செய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது தம்பியின் கால்சட்டை முழங்காலில் சிவப்புப் பெயிண்ட் கண்டேன். விரல் அகலம்தான். சோப்புப் போட்டேன், போகவில்லை. இவர் சொன்ன கோடு நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால். கையில் அந்தத் துணியோடு எவ்வளவு நேரம் நின்றேனோ, குழாய் திறந்தபடி ஓடி வாளி வழிந்துவிட்டது.

கேட்டிருக்கலாம். டேய், இது என்ன பெயிண்ட் என்று கேட்டால் சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை. அவன் முடி வெட்டப் போயிருந்த நேரம் பார்த்துப் பின்னறைக்குள் போய் அவன் பையைத் திறந்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. நூறு லிட்டர் டீசலைப் பையிலா வைத்திருப்பான்? சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினேன். பையின் பக்கவாட்டு ஜிப்புகளுக்குள் கையை விட்டுத் துழாவினேன். சீப்பு, லைசென்ஸ் நகல், அம்மாவின் ஒரு படம், தலைவலி மாத்திரை. அவ்வளவுதான். எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன்.

வைத்த விதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். லாரி ஓட்டுகிறவர்கள் துணியை மடிக்கமாட்டார்கள், இடம் மிச்சமாகும் என்று பாய் மாதிரி சுருட்டி வைப்பார்கள். நானோ கை பழக்கத்தில் நாலு சட்டையையும் அழகாக மடித்து, காலர் மேலே தெரிய அடுக்கிவிட்டேன். தம்பி வந்தான், துண்டு எடுக்கப் பையைத் திறந்தான், கொஞ்ச நேரம் பார்த்தான், மூடினான். நான் வாசல்படியில் நின்றிருந்தேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் லாரி கிளம்பும்போது பின்பலகையைப் பார்த்தேன். சிவப்புப் பட்டை புதிதாக அடித்திருந்தது. பளிச்சென்று, ஒரு மூலையில் இன்னும் ஈரமாக. அந்தப் பெயிண்ட்தான் அவன் முழங்காலில் இருந்தது. சாயந்திரம் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவனே வந்து, வேறு ஊரில் மருந்து கம்பெனி வேன் ஓட்ட ஆள் கேட்கிறார்கள், போகிறேன் என்றான். மருந்து என்பதால் அந்தக் கம்பெனியில் எல்லாம் துருவுவார்களாம். ஏற்கெனவே வேலை கொடுத்தவரை அவர்கள் மேனேஜர் நேரில் வந்து விசாரித்துவிட்டுத்தான் எடுப்பாராம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பட்டறைக்கு வருகிறார் என்றான். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

அவன் உள்ளே போனதும் இவர் என்னிடம் குனிந்து, "ஏன் இப்போ ஓடறான்?" என்றார். எனக்குத் தெரியும், ஏன் என்று. பேச்சை மாற்றினேன்.

"அந்த மேனேஜர் கேட்டா என்ன சொல்லப்போறீங்க?"

"பொய் சொல்லமாட்டேன்."

"உங்களுக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லாம இருந்தா போதும்."

"எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னாலே அவருக்குப் புரிஞ்சிடும்."

அது உண்மைதான். கை சுத்தமா என்ற கேள்விக்கு ஒரு நொடி தயங்கினாலும் முடிந்தது. அந்த வேலை மட்டும் இல்லை, அந்தப் பேச்சு ஒரு தடவை கிளம்பினால் எந்த ஸ்டியரிங்கும் அவன் கைக்கு வராது. முப்பத்தைந்து வயதில் அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இரண்டு நாள் நான் இவரோடு பேசவில்லை. இவர் பாட்டுக்கு யோசித்துக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூண்டின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?"

"டேங்கைக் காலி பண்ணி அளந்து பாத்துடறேன். நேத்து ஓட்டத்துக்கு அப்புறம் அதுல அஞ்சு லிட்டர் இருக்கணும். ஒரு ஆளைப் பத்தி வாய் திறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாத்துடணும். என் சந்தேகத்து மேலயே எனக்கு ஒரு சந்தேகம்."

நானும் பின்னாலேயே போனேன். கூண்டைத் திறந்து, திருகுக்குக் கீழே ஒரு இருபது லிட்டர் கேனை வைத்து, ஸ்பேனர் போட்டுச் சுழற்றினார். டீசல் விரல் தடிமனுக்கு இறங்கியது. அஞ்சு லிட்டர் வந்தது. நிற்கவில்லை. கேன் பாதியாயிற்று, நிறைந்தது. திருகை அடைத்துவிட்டு இரண்டாவது கேன் வைத்தார். அதுவும் நிறைந்தது. மூன்று. நாலு. ஐந்து. அப்புறம் பட்டறையில் கேன் இல்லை. நான் ஓடிப்போய்த் துணி ஊறவைக்கிற வாளியைக் கொண்டுவந்தேன். அதில் ஒரு சாண் உயரத்துக்கு விழுந்து, சொட்டாகி, நின்றது.

இரண்டு பேரும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மனிதர் அப்போதும் விட்டாரா என்றால் இல்லை.

"கொண்டுவந்து திரும்ப ஊத்தியிருக்கான்" என்றார்.

"பூட்டுக்குள்ளயா? சாவி உங்க இடுப்புல தொங்குது."

இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். வெளியே தெரிந்தது இரண்டு செருப்பு மட்டும். நான் அதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.

"இங்க வ-ன்னு எழுதினது யாரு?" என்று குரல் வந்தது.

"நான்தான். நீங்கதானே வர்றதுன்னு சொன்னீங்க."

"நான் சொன்னது டேங்குக்கு வர்றது. திரும்பி வர்றது. இதோட சேர்ந்த செம்புக் குழாய்லயும் வ-ன்னு இருக்கே?"

"அது தம்பி சொன்னது. ஊதிட்டு, இதுதான் வர்றதுன்னான்."

செருப்பு இரண்டும் அசையவில்லை.

"அவன் எங்க நின்னு சொன்னான்?"

"இஞ்சின்கிட்ட."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டேங்கின் பக்கம் நிற்பவருக்கு வர்றது என்றால் இஞ்சினிலிருந்து திரும்பி வருவது. இஞ்சின் பக்கம் நிற்பவனுக்கு வர்றது என்றால் டேங்கிலிருந்து வருவது. இவர் முப்பது வருஷமாக டேங்கின் பக்கமே நின்றவர், தனியாகவே வேலை செய்தவர். வர்றது என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தம்பிக்கும் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் பேனாவோடு நின்ற எனக்காவது தோன்றியிருக்கலாம். பாதி ஆழத்தில் நிற்கிற குழாய் வழியாக இஞ்சின் டீசலை இழுத்திருக்கிறது. பாதி இறங்கியதும் காற்றை இழுத்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே தங்கிய நூறு லிட்டர் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. மேலே ஊற்றியது மேலேயே தீர்ந்தது. வலைக்கிண்ணமும் பூட்டும் போட்டு யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாமல் இவரே காவல் காத்திருக்கிறார்.

வெளியே வந்து வாளிப் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கரி. இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. நான் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்க வேண்டிய நேரம் அது. முகம் துடைக்கத் துண்டைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவருடைய தப்பு கேனில் வெளியே வந்துவிட்டது, என்னுடையது இன்னும் உள்ளேயே கிடந்தது.

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். கையில் ஃபைல், சட்டைப் பையில் மூன்று பேனா. தம்பி கதவோரம் நின்றான். அவர் உட்காருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் அவரைக் கேன்கள் முன்னால் கூட்டிப் போனார்.

"சார், இந்தப் பையன் எடுத்துட்டான்னு நாலு மாசமா நான் நெனச்ச டீசல் இதுதான். அஞ்சு கேனும் ஒரு வாளியும். என் டேங்க்லயேதான் இருந்துது. குழாயை நான் மாத்திச் சேர்த்துட்டேன். ஊர்ல எவனையும் நம்பாதவன் நான், யாரை வேணா கேளுங்க. நான் சொல்றேன், இவன் கை சுத்தம்."

மேனேஜருக்குப் பாதி புரிந்ததோ என்னவோ. வாளியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஃபைலில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் தம்பி முன்னால் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

"மாப்ள, தப்பு பண்ணிட்டேன். குழாயை இப்பவே மாத்திடறேன். நீ போகவேணாம்."

தம்பி சிரித்தான். நாலு மாதத்துக்கு அப்புறம் அவன் பல்லைப் பார்த்தேன்.

"விடுங்க மாமா. பேட்டரி போட்ட கடிகாரத்தையே ஸ்டூல் போட்டு ஏறிக் கேக்கறவரு நீங்க. என்னை மட்டும் விட்டுவெப்பீங்களா?"

அவரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எல்லாம் அந்த இடத்திலேயே சரியாகிவிட்டது. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பின்னறையில் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

"மாமாதான் கூப்பிட்டாரே. இருக்கலாம்லடா."

"நான் போறது மாமாவால இல்லக்கா."

"தெரியும். பையைத் திறந்தது தப்பு."

கையிலிருந்த சட்டையைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் பேசினான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"மாமா எல்லாரையும் சந்தேகப்படுவாரு. அந்தக் கும்பல்ல நானும் ஒருத்தன், அதனால வலிக்கல. நீ யாரையும் சந்தேகப்படமாட்டக்கா. கடைக்கு வர்ற தெரியாத ஆளுக்குக்கூட நாளைக்குக் கொடுன்னு சாமானைத் தூக்கிக் குடுப்ப. என் பையை மட்டும்தான் திறந்து பாத்த."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. நான் அழுதேன். அவன் அழாதே என்றான். போகும்போது வழக்கம்போல என் தலையைத் தொட்டுவிட்டுத்தான் போனான்.

வருகிறான், வராமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு வந்துவிடுவான். மாமாவோடு வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு பேசுவான், நான் சமைத்ததை ருசித்துச் சாப்பிடுவான், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் பையைப் பின்னறைக்குக் கொண்டுபோவதில்லை. கூடத்து நாற்காலிமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஜிப்பை முழுக்கத் திறந்து வைத்துவிடுகிறான். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. என் வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் போய், உள்ளே பார்க்காமல், அதை இழுத்து மூடிவிட்டு வருகிறார்.